ஆண்டாயி சொன்னபடி

சப் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் சிங்காரவேலு குமாஸ்தாவாகச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகியிருந்தது. சாட்சிகள் சொல்வதைத் தமிழில் எழுதுவது அவர் வேலை. அழுகிறவர், உளறுகிறவர், ஒன்றையே நாலு தரம் சொல்கிறவர், யாராக இருந்தாலும் அவர் பேனா வழியாக வரும்போது ஒரே மாதிரி நறுவிசாக இருக்கும். அதில் அவருக்குப் பெருமைதான்.

1946 மாசி மாதத்தில் ஒருநாள் ஆண்டாயி கூண்டில் ஏறினாள். குரும்பலூர்ப் பக்கத்துச் சேரிக்காரி. சரக்கு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் கடலை உடைக்கும் கூலி. அங்கே மேஸ்திரியாக இருந்த கொளஞ்சியப்பன் மேல் அவளே பிராது கொடுத்திருந்தாள். பெண்ணை மானபங்கம் செய்தால் ஜெயில் என்று சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதை நம்பி ஒரு கூலிக்காரி தானாகப் படியேறி வந்ததைச் சிங்காரவேலு அதுவரை பார்த்ததில்லை.

"சாக்கு எடுக்க உள்ள வான்னான். போனேன். கதவச் சாத்திட்டான். மாராப்பப் புடிச்சு இழுத்தான், மாருல கை வச்சான். கத்துனேன். வாயப் பொத்துனான். அந்தக் கையக் கடிச்சுட்டு வெளிய ஓடியாந்தேன்."

சொல்லி முடித்து நின்றாள். எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக்காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். சிங்காரவேலு வழக்கம்போல் வேகமாகப் படித்தார்.

"உள்ளே சென்றபோது மேஸ்திரி அவர்கள் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்."

பாதி கேட்கும்போதே கட்டைவிரலை நீட்டுகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். ஆண்டாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லலீங்களே."

"எல்லாம் ஒண்ணுதான். கைய வை."

"ஒண்ணு இல்லீங்க. தகாத முறைன்னா என்னான்னு எனக்குத் தெரியாது. அவன் செஞ்சது தெரியும். நான் அவன்னுதான் சொன்னேன். நீங்க அவருங்கிறீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அரியலூரிலிருந்து கொளஞ்சியப்பனுக்காக வந்திருந்த வக்கீல் எழுந்து, சாட்சி பேச்சை மாற்றுவதாக ஆட்சேபித்தார்.

ஆண்டாயி மாஜிஸ்டிரேட்டைப் பார்த்தாள். "சாமி, எனக்கு எழுத்து தெரியாது. சொன்னது நெனப்பிருக்கு. திரும்பச் சொல்றேன். ஒரு வார்த்த மாறுச்சுன்னா என்னை வெளிய அனுப்பிடுங்க."

சொன்னாள். அதே வரிசை, அதே சொற்கள்.

மாஜிஸ்டிரேட் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மா சொன்னபடியே எழுதும்."

சிங்காரவேலு புதுத்தாள் எடுத்தார். 'மாராப்பு' என்ற சொல்லைக் கோர்ட்டுக் காகிதத்தில் அவர் எழுதியதே இல்லை. எழுதும்போதுதான் உறைத்தது. தான் நறுவிசாக்கிய வாக்கியத்தில் கதவும் இல்லை, கத்தலும் இல்லை, கடியும் இல்லை. வாயால் திட்டினான், அவ்வளவுதான் என்று வக்கீல் சாதித்திருக்கலாம். இந்தப் பதினெட்டு வருஷத்தில் இப்படி எத்தனை பேர் வாயை அடைத்தோமோ என்று நினைத்துக்கொண்டே எழுதினார்.

மறுபடி படித்துக்காட்டினார். அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள்.

"இப்ப வைங்கம்மா," என்றார்.

வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். "இத்தனை ஆம்பளைங்க முன்னால இதைச் சொல்ல உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு. அதுக்காக நடந்தது நடக்கலன்னு ஆயிடுமா?"

பிறகு அவளோடு வேலை பார்த்த குஞ்சம்மாள் வந்தாள். கத்தல் கேட்டதையும், மேஸ்திரி கையில் பல் பதிந்திருந்ததையும் அவன் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டாள்.

பங்குனியில் தீர்ப்பு வந்தது. கொளஞ்சியப்பனுக்கு நாலு மாதக் கடுங்காவல். கிட்டங்கியில் ஆண்டாயிக்கு அப்புறம் வேலை கொடுக்கவில்லை. பாடாலூர்ப் பக்கம் களையெடுக்கப் போகிறாள் என்று சிங்காரவேலு கேள்விப்பட்டார். தண்டனை வாங்கிக் கொடுத்த சட்டத்தால் அவளுடைய கூலியைக் காப்பாற்ற முடியவில்லை. அப்படியும் பிராது கொடுத்தது தப்பு என்று அவள் சொன்னதாக யாரும் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு வரப்புத் தகராறு. கிழவர் ஒருவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருங்க பெரியவரே, இப்ப என்ன சொன்னீங்க? அதே மாதிரி திரும்பச் சொல்லுங்க," என்றார் சிங்காரவேலு.

மாஜிஸ்டிரேட் கடிகாரத்தைப் பார்த்தார். "வெரசா எழுதும்."

"இனிமே மெதுவாத்தான் வரும் சார்," என்று சொல்லிவிட்டு, அவர் கிழவர் வாயையே பார்த்தபடி காத்திருந்தார்.