கை மறைக்காத படம்

தாரணி தன் மண்டையோட்டைப் பார்த்துப் பயந்தது ஒரு சனிக்கிழமை காலையில். சட்டென்று பயப்படுகிற ஆளும் அல்ல அவள். பல் டாக்டர், அதிலும் கோணல் பல்லை நேராக்குகிற டாக்டர். கொடைக்கானலில் அவள் நடத்தும் சின்ன கிளினிக்கில் பக்கவாட்டில் எடுத்த தலை எக்ஸ்ரே படங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். மேல்மலை ஊர்களின் இளவட்டங்களுக்கு முன்பல் எவ்வளவு தூக்கியிருக்கிறது, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேர்கின்றன என்று ஓர் ஆராய்ச்சியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, எலும்பின் ஓரத்தையும் பல்லின் சாய்வையும் பென்சிலால் வரைந்து, கோணத்தை அளக்க வேண்டும். கம்ப்யூட்டரிடம் விட்டால் நொடியில் முடித்துவிடும். கையால் வரைந்தால்தான் அவளுக்குத் திருப்தி. சிலருக்கு அப்படி ஒரு கிறுக்கு.

அன்று கை பழகுவதற்காக முதலில் தன் படத்தையே எடுத்தாள். எக்ஸ்ரே கருவி வந்த புதிதில், சோதித்துப் பார்க்கத் தானே நின்று எடுத்துக்கொண்ட படம். உறையில் அவள் பெயர் அவள் கையெழுத்திலேயே இருந்தது. வெளிச்சப் பெட்டியில் செருகினாள். முன்பற்கள் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றன.

அது அவளுடைய பள்ளிக்கூட வயதுப் பல். பழனியில் கூடப் படித்ததுகள் எல்லாம் 'தேங்காய்த் துருவி' என்று கூப்பிடக் காரணமான பல். கம்பி போட்டு, வருஷக்கணக்காக இழுத்து, உள்ளே கொண்டுபோன பல் திரும்பி எப்படி வரும்? நாக்கால் தடவிப் பார்த்தாள். பல் ஒழுங்காகத்தான் இருந்தது. அது மறுபடியும் நகர்ந்துவிடாமல் இருக்கக் கீழ்வரிசையின் உட்புறம் ஒட்டிய மெல்லிய கம்பியும் நாக்கில் தட்டுப்பட்டது. படத்தில் அந்தக் கம்பி இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது ராஜகுமாரியின் படம்.

மேல்மலையில் கவுஞ்சி ஊரில் பூண்டு போடுகிற வேலப்பனுக்கும் கருப்பம்மாளுக்கும் ஒரே மகள் ராஜகுமாரி. போன வருஷம் தனியாகப் பஸ் ஏறி கிளினிக்குக்கு வந்தாள். பேசும்போதும் வாயில் கை, சிரிக்கும்போதும் கை. காது இரண்டிலும் முட்டுக் கொடுத்துத் தலையை நிறுத்துகிற அந்தக் கருவிக்குள் நின்றபோதுகூட கை தானாக மேலே ஏறியது. "ஒரு நிமிஷந்தான், கைய எறக்கும்மா" என்று தாரணி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அந்தப் படத்தையும் தன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் செருகிக் காட்டினாள். தனக்கும் இப்படித்தான் இருந்தது, இப்போது பார் என்றாள். அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கை வைக்காமல் ஒரே ஒரு தடவை சிரித்தாள். பூண்டு எடுத்ததும் கம்பி போட வருவதாகச் சொல்லிப் போனாள். பூண்டு எடுப்பதற்கு முன்பே கூக்கால் வளைவில் அவள் வந்த ஜீப் கவிழ்ந்துவிட்டது.

காரியம் முடிந்த கையோடு கருப்பம்மாள் வந்தாள். மாலை போட்டுக் கும்பிட மகளுக்கு ஒரு படம் இல்லை. கல்யாண வீட்டுப் படம், திருவிழாப் படம் எல்லாவற்றிலும் வாயில் கை. ஆதார் அட்டையில் மட்டும் கை இல்லை. ஆனால் உதட்டை இழுத்து மூடி, யாரையோ முறைக்கிற மாதிரி இருந்தாள். இங்கே எடுத்ததில் கை இல்லையாமே, அதைக் கொடுங்கள் என்று நின்றாள். தாரணி பெயரைப் பார்த்து உறையை எடுத்துக் கொடுத்தாள். திறந்து பார்க்க மனம் வரவில்லை. பக்கத்தில் வைத்துக் காட்டிய அன்று இரண்டு படங்களையும் உறை மாற்றிப் போட்டிருக்கிறாள் என்பது இன்றுதான் தெரிகிறது.

ஆக, கவுஞ்சியில் மாலை தொங்குவது தாரணியின் தலைக்கு. அதுவும் மாதக்கணக்காக.

உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு யாராவது தெரியாமல் பூ வைத்துவிட்டால்கூட, பழனியில் அவள் அம்மா வள்ளி மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டுத்தான் ஓய்வாள். அதையெல்லாம் கேலி செய்து வளர்ந்தவள்தான் தாரணி. இப்போது கேலி வரவில்லை. மார்கழிப் பனியில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தது, விடாத இருமல், தூக்கத்தில் யாரோ வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு விழித்துக்கொண்டது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பனியில் ஸ்கூட்டி சறுக்கத்தான் செய்யும் என்று டாக்டருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மறுநாளே ராஜகுமாரியின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு கவுஞ்சி பஸ்ஸில் ஏறினாள். எப்படியாவது மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

எக்ஸ்ரே படத்துக்குப் பின்னால் வெளிச்சம் வேண்டும் என்பதைக் கருப்பம்மாள் கண்டுபிடித்திருந்தாள். கிழக்குப் பார்த்த சன்னல் கண்ணாடியில் ஒட்டி, சுற்றிலும் துலுக்கச் சாமந்தி மாலை போட்டிருந்தாள். கீழே விளக்கு எரிந்தது. வெயில் பின்னால் விழ, தாரணியின் மண்டையோடு வெள்ளையாக ஒளிவிட்டுக்கொண்டு நின்றது. நெற்றி எலும்பின் மேல் வட்டமாகக் குங்குமம். தாரணிக்குத் தன் நெற்றியில் ஈரம் பட்ட மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கருப்பம்மாள் உட்காரச் சொன்னாள். எலும்பை மாட்டி வைத்திருக்கிறாள் என்று ஊரில் நாலு பேர் முகத்தைச் சுளித்தார்களாம். வேலப்பனே ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பவில்லையாம். "எலும்பா இருந்தா என்ன டாக்டரம்மா, எம்புள்ள எலும்புதான" என்றாள். தாரணி பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"செத்த புதுசுல கனவுல வருவா. அப்பயும் கைய வச்சு வாய மூடிக்கிட்டுத்தான் வருவா. எங்கிட்டயுமாடி மறைப்பன்னு அழுவேன். இந்தப் படத்த வச்ச பெறகு கைய எடுத்துட்டா. நல்லா சிரிக்குறா" என்ற கருப்பம்மாள் எழுந்துபோய்ப் படத்தின் கீழ்ப்பல்லில் விரலை வைத்தாள். "இந்தா, நூலு மாதிரி வெள்ளையாத் தெரியுதுல்ல, கம்பி. பல்லும் எம்புட்டு வரிசையா உள்ள போயிருச்சு. பூண்டு எடுக்கட்டும் பூண்டு எடுக்கட்டும்னு நாங்கதான் இழுத்தடிச்சோம். அந்தக் கொற என்னய அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நீங்க எங்களுக்குத் தெரியாமப் போட்டு விட்டுருக்கீங்க. கழுத, ஒரு வார்த்த சொல்லல."

இப்போது சொல்ல வேண்டும். தப்பு நடந்துபோச்சுங்க, இது நான், உங்கள் மகள் இதோ பைக்குள் இருக்கிறாள், பல் தூக்கலாக, கம்பி இல்லாமல். சொன்னால் தாரணி தப்பித்துவிடுவாள். ராஜகுமாரி மறுபடியும் வாயைப் பொத்திக்கொள்வாள். பையின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன. வாழ்க்கையில் இவ்வளவு கோழையாக அவள் எப்போதும் இருந்ததில்லை.

கருப்பம்மாள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். மாட்டும்போது வலிச்சுச்சா அவளுக்கு?"

தாரணி பையை மூடினாள்.

"மொத ரெண்டு நாளு பல்லு கூசுங்கம்மா, சோறுகூட மெல்ல முடியாது" என்றாள். "அப்புறம் பழகிரும். அவ சிரிச்சுக்கிட்டேதான் போனா."

கருப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஒரு பை நிறையப் பூண்டு கட்டிக் கொடுத்தாள். கிளம்பும்போது படத்தின் நெற்றிக்குப் புதிதாகக் குங்குமம் வைத்து, அதே விரலால் தாரணியின் நெற்றியிலும் வைத்தாள். இரண்டு நெற்றியிலும் பொட்டு ஒரே இடத்தில் விழுந்தது. இரண்டும் ஒரே நெற்றிதான் என்று கருப்பம்மாளுக்குத் தெரியாது.

பஸ் கிளம்பியபோது மேகம் இறங்கி, சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. தாரணி பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் படத்தை இனி எங்கே வைப்பது? ஆராய்ச்சிப் படங்களோடு சேர்க்க முடியாது. தன் பெயர் எழுதிய உறையிலேயே கிடக்கட்டும் என்று தோன்றியது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார். சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

"ஒண்ணும் வெளங்கல. வாயில இருந்து கைய எடுத்துட்டுச் சொல்லுங்கம்மா."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வலது கை எப்போது மேலே ஏறியதோ, வாயை முழுக்க மூடியிருந்தது. பள்ளிக்கூடத்தோடு விட்ட பழக்கம் அது. ஒரு நிமிஷந்தான், கைய எறக்கும்மா என்று மனதுக்குள் மெல்லச் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை உடனே இறங்கவில்லை.