கிண்ணியா வளவின் அடிப்பாறை

2023ஆம் ஆண்டு பெப்ரவரி ஒன்பதாம் திகதி, கிண்ணியாவில் ரிப்காவின் வீட்டு வளவுக்கு அடியிலிருந்த பாறை கழன்று, கடலுக்கு அடியால் கிழக்கு நோக்கிப் போகத் தொடங்கியது. அன்று சந்தையில் அறுக்குளா மீனின் விலை சற்று இறங்கியிருந்தது. கிணற்றில் அறுந்து விழுந்த அவளுடைய வாளி, மறு வாரம் திருகோணமலைத் துறைமுக வாய்க்கு வெளியே தூண்டிலில் ஏறியது. அவள் போட்ட முடிச்சு அவிழாமலே இருந்தது. கணவனின் தம்பி இன்பாஸ் அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

“மதினி, கிணத்துக்க மீன் புடிக்கப் போட்டீங்களா?”

பல்கலைக்கழகத்திலிருந்து விரிவுரையாளர் நிரோஜினி கருவிகளோடு வந்து, கிணற்றின் அடி திறந்துவிட்டதைக் கண்டார். கண்டங்களின் அடிப்பாகம் உரிந்து சமுத்திரங்களின் கீழே வெகுதூரம் போவது உண்மைதான் என்றார். “கோடிக்கணக்கான வருசத்தில நடக்கிற வேலை. உங்கட வளவு கொஞ்சம் அவசரப்படுது, அக்கா.” கிணற்றைக் கொங்கிறீட் போட்டு மூடினால் வீடு தப்பும், இல்லாவிட்டால் வருடத்துக்குள் இறங்கிவிடும் என்றும் சொன்னார். இன்பாஸ் அன்றைக்கே சீமெந்து இறக்கினான்.

ரிப்கா ஒன்றை மட்டும் கேட்டாள். “போற கல்லு எங்க போய் நிக்கும், மிஸ்?”

“துறைமுக வாய்க்கு வெளியில, அந்த ஆழப் பள்ளத்தில.”

முந்திய வருடம் அவளுடைய கணவன் ஸஜ்ஜாத்தின் படகு கவிழ்ந்தது அங்கேதான். மையித்துக் கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதார்கள். அவள் விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்தாள். ஊரில் எந்த ஜனாஸாவை அடக்கினாலும் ஆளுக்கு மூன்று பிடி மண் விழும். அவன்மேல் ஒருவரும் ஒரு பிடி போட்டதில்லை.

“மூட வேணாம்,” என்றாள்.

“ஊடு போயிடும், மதினி!”

“போகட்டும். நமக்கு ஊடு இருக்கு, அவர் மண்ணில்லாம கிடக்கிறார்.”

மறுநாள் காலை அவள் ஓதி, கிணற்றுக்குள் மூன்று பிடி மண் போட்டாள். மாமியும் மச்சிமாரும் போட்டார்கள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போகாத அந்த ஊரில், பெண்கள் மண் போட்ட முதல் கபுறு அது. இன்பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பிறகு தானே, கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடும் இரண்டு மீசான் கட்டைகளைச் சீவி, கிணற்றுக்குள் இறக்கினான்.

ஏப்ரலில் குசினி இறங்கியது. நோன்புப் பெருநாள் கழிந்து விறாந்தை போனது. ரிப்கா தையல் மெசினையும் ஸஜ்ஜாத்தின் சேர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு இன்பாஸின் வீட்டுக்குப் போனாள். வருட முடிவில் வளவு இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது, கொக்குகள் வந்தன.

அடுத்த சோழகக் காற்றுக் காலத்தில், ஈயக்குண்டு தரை தொட்டறியாத அந்தப் பள்ளத்தில் இன்பாஸின் நங்கூரம் மண்ணைப் பிடித்தது. அவன் வீட்டுக்கு வந்ததும் கால் கழுவாமல் குசினி வாசலில் நின்றான். ரிப்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தண்ணிக்குக் கீழ தெரியுது, மதினி. கட்டை நிமிந்து நிக்குது.”

“தலைமாடா, கால்மாடா?”

“ரெண்டும். வடக்கும் தெற்குமா.”

அவள் தலையசைத்துவிட்டுச் சுளகில் அரிசியைப் புடைத்தாள்.

கிண்ணியாப் படகுகள் அந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, ஸலாம் சொல்லிவிட்டுப் போகின்றன. அங்கே யாரும் வலை போடுவதில்லை.