பேரளி தாண்டாத வண்டி

24-10-1983, திங்கள்.
இன்று ஒரு தவறு. பெட்ரோல் பம்பைப் பிரித்து மாட்டியதும், சரியாக ஓட்டிப் பார்க்காமலே அக்காவிடம் "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். தெருமுனை வரை போய்த் திரும்பியதை ஓட்டிப் பார்த்ததாகக் கொள்ள முடியாது. டைப்ரைட்டிங் வகுப்பிலும் எனக்கு இதே புத்திதான். தாளை உருவி எடுத்த பிறகுதான் பிழை கண்ணில் படுகிறது.

ராசாங்கம் டைரியை மூடிவிட்டுக் கையை முகர்ந்து பார்த்தான். சோப்புக் கரைந்ததுதான் மிச்சம், பெட்ரோல் வாடை போகவில்லை. பகலெல்லாம் பெரம்பலூர் கடைவீதியில் உரக்கடைக் கணக்கு. சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. அதுவும் முடிந்தால் வாசலில் நிற்கும் அம்பாசிடருக்கு அடியில் கோணிச்சாக்கு விரித்துப் படுக்கை. இதுதான் இந்தக் கொஞ்ச நாளாக அவன் பிழைப்பு.

அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டித்தான் அப்பா சிங்காரவேலு குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் காலமான பிறகு விற்கப் பார்த்தார்கள். வந்தவர்கள் டயரை மட்டும் தட்டிப் பார்த்து அதற்கு மட்டும் விலை சொன்னார்கள். வண்டி வாசலிலேயே நின்றது. அக்கா அம்சவள்ளிக்கு அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்ததும்தான் அதற்கும் மறுபடி வேலை வந்தது. அவளுக்குக் காலை ஆறு மணி டூட்டி. முதல் பஸ்ஸைப் பிடித்தால் அரியலூர் போய் இறங்கும்போது ஆறரை தாண்டிவிடும். அதனால் தம்பி தினமும் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு உரக்கடை திறப்பதற்குள் திரும்பிவிடுவான்.

சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாளிலிருந்து வண்டிக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வீட்டில் ஒரு சுழற்றலில் கிளம்பும். நல்ல பிள்ளையாக ஓடும். வழியில் உள்ள பேரளி கிராமத்தை நெருங்கும்போது இருமும், திணறும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். திரும்பி வரும்போதும் அதே கதை.

ராசாங்கம் ஒழுங்காக ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். தீப்பொறிக்கான பாயிண்டின் இடைவெளியைக் கல்யாணப் பத்திரிகை அட்டையை நுழைத்துச் சரிபார்த்தான். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினான், பெட்ரோலை விழுங்கி ஒரு நாள் முழுக்க ஏப்பம் விட்டான். நின்ற இடத்தில் பார்த்தால் கார்புரேட்டரில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. டேங்கிலோ காலையில் கிளம்பும் முன் குச்சி விட்டுப் பார்த்தபோதே பாதிக்கு மேல் இருந்தது. அப்படியானால் பம்புதான் என்று முடிவுகட்டி அதையும் பிரித்தான். பம்பில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் தன் கையில்தான் என்று அவனுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அதற்குள் அம்சவள்ளி இரண்டு நாள் தாமதமாகப் போய்விட்டாள். சூப்பர்வைசர் ஜெகதாம்பாள் கோபக்காரி இல்லை. அதனால்தான் அவள் சொன்னது உறுத்தியது. "இன்னொரு நாள் லேட்டுன்னா நான் மேலே எழுதித்தான் ஆவணும் அம்சா. நீ இன்னும் பர்மனென்ட் ஆவல. எழுதிட்டேன்னா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன் இருவரும் கிளம்பினார்கள். ராசாங்கம் வழக்கம்போல டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, அளவு பார்த்து மூடினான். அம்மா பச்சையம்மாள் வாசலில் நின்று, "நிக்காம போயிட்டு வாங்க" என்றாள். முன்பெல்லாம் "பாத்துப் போயிட்டு வாங்க" என்பாள்.

பேரளி டீக்கடை விளக்கு தெரிந்தது. வண்டி இருமியது.

"வந்துடுச்சு" என்றாள் அம்சவள்ளி.

"இல்லக்கா, ரோடு குண்டும் குழியுமா..."

வண்டி நின்றது.

"ரோடாடா நிக்குது?"

அவன் இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். அவளும் இறங்கிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏண்டா, இந்த ஊர்ல உன் வண்டிக்குப் பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கியா? பேரளி வந்தா போதும், ஓரெட்டு நகர மாட்டேங்குது."

"செத்த இருக்கா. இப்ப கிளம்பிடும்."

"செத்த இருந்து இருந்துதான் ரெண்டு நாள் லேட்டு. நேத்து என்ன சொன்ன? சரியாயிடுச்சுன்ன."

"பம்பு சரியாத்தான்கா இருக்கு."

"பம்பு சரியா இருக்கு. வண்டிதான் நிக்குது, இல்ல?"

பின்னால் வெளிச்சம் வந்தது. அரியலூருக்குப் போகும் பால் வண்டி. அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் நடுரோட்டுக்குப் போய்க் கையை நீட்டிவிட்டாள். முன்சீட்டில் இடமில்லை. கேன்களுக்கு நடுவே ஏறி, ஒன்றின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நகரும்போது திரும்பிச் சொன்னாள், "நீ நிதானமா வா. அவசரமே இல்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ராசாங்கம் டயரை ஓங்கி உதைத்தான். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டைவிரல்தான் விண்ணென்று தெறித்தது.

டீக்கடை செல்லப்பன் ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்தார். "அடிக்காதீங்க தம்பி, பாவம். என் கடை டீயை ஒரு நாளாச்சும் குடிச்சுப் பாக்கலாம்னு அதுவும் தெனம் நிக்குது. நீங்கதான் குடிக்க மாட்டேங்கறீங்க."

"அண்ணே, நானே வெந்து போயி நிக்கறேன்."

"சரி, சரி. ஒரு சொட்டுப் பெட்ரோலு குடுங்க. ரோட்டு வேலைத் தாரு உள்ளங்கால்ல ஒட்டிக்கிச்சு. ராத்திரி பாயில படுத்தா பாயும் கூடவே எந்திரிக்குது."

மறுக்கத் தோன்றாமல் ராசாங்கம் ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். டேங்க் மூடியைப் பிடித்துத் திருகினான்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

செல்லப்பன் ஒற்றைக் காலிலேயே பின்னால் தாவினார். "பாம்பா?"

பாம்பு இல்லை. மூச்சு அடைத்துக் கிடந்தவன் காற்றை இழுப்பது போல டேங்க் நீளமாக இழுத்துக்கொண்டது. ராசாங்கம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நடுவில் காய்ந்து கெட்டிப்பட்ட சந்தனம், அதன் மேல் குங்குமம். பூஜைக்கு அவன் கையாலேயே வைத்த பொட்டு. 'ஸ்டீரிங்குல ஒண்ணு, விளக்குல ரெண்டு, போதுண்டா' என்று அம்மா சொல்லியும் கேட்காமல், எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொரு பாகத்துக்கும் அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டே வந்தவன், இதற்கும் வைத்திருக்கிறான். தினமும் காலையில் மூடியைத் திறக்கும்போது பொட்டு அழியாமலிருக்க ஓரத்தை மட்டும் பிடித்துத் திருகியவனும் அவன்தான்.

சட்டைப் பையில் கிடந்த குண்டூசியால் பொட்டைக் கிளறினான். சந்தனம் பொரிந்து விழுந்தது. அடியில் ஊசிமுனை நுழையுமளவு ஓர் ஓட்டை. பெட்ரோல் கீழே குறையக் குறைய, அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அதை அடைத்துவிட்டால் பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. கழற்றிய பாகங்களை எல்லாம் சந்தேகப்பட்டவன், கும்பிட்ட பாகத்தை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

"என்ன தம்பி?" என்றார் செல்லப்பன்.

"சந்தனம்ணே."

"சந்தனமா? தாருக்குச் சந்தனம் கேக்காது தம்பி, பெட்ரோலுதான் கேக்கும்."

துணியை நனைத்துக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அரியலூர் வரை நிற்காமல் போனது. எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஜன்னல் வழியே பார்த்தபோது அம்சவள்ளி காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பது அவள் முதுகு நிமிர்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவளைக் கூப்பிட முடியாது. அங்கேயே வண்டியைத் திருப்பினான். பெரம்பலூர் வரையும் நிற்கவில்லை. வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தவன், ஊர் எல்லையில் சிரிப்பை நிறுத்தினான். ஒருவேளை இன்றைக்குக் குளிர் கொஞ்சம் கூடுதல் என்பதால் ஓடியதோ? நேற்றுப் பிரித்த பம்பு இன்றைக்குத்தான் சரியாக உட்கார்ந்ததோ?

சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும் முன் வீட்டுக்கு வந்தான். அம்சவள்ளி கிணற்றடியில் சேலையை அலசிக்கொண்டிருந்தாள். புளித்த பால் வாடை.

"அக்கா, கண்டுபிடிச்சுட்டேன். மூடியில வச்ச சந்தனம் ஓட்டைய அடைச்சுக்கிச்சு. அதான் நின்னுச்சு. சுரண்டி எடுத்துட்டேன். வண்டி..."

"சரியாயிடுச்சு."

"ஆமாங்கா."

"பிளக்குன்ன, சரியாயிடுச்சுன்ன. பாயிண்டுன்ன, சரியாயிடுச்சுன்ன. பம்புன்ன, சரியாயிடுச்சுன்ன. இப்ப சந்தனமா? அடுத்து என்னடா, பொரி கடலையா?"

அம்மா இடையில் வந்தாள். "சாமிக்கு வச்ச பொட்ட ஏண்டா சுரண்டுன? அது குத்தம் ஆயிடப்போவுது."

"அம்மா, பொட்டு வச்சதுதாம்மா குத்தமே!"

"கேட்டியா இவன் பேச்ச!" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

"போவ வர நிக்கவே இல்லக்கா. சத்தியமா."

"காலியாத்தானே ஓடுச்சு? நான் ஏறி உக்காந்து ஓடலியே." அம்சவள்ளி சேலையை முறுக்கிப் பிழிந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, நீ படாத பாடு படறது எனக்குத் தெரியாம இல்ல. ஆனா இன்னொரு நாள் லேட்டானா என் வேலை போயிடும். உன் நம்பிக்கைய நம்பி என் வேலையப் பணயம் வைக்க முடியாதுடா. பால் வண்டிக்காரர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு பஸ் ஸ்டாண்டுகிட்ட ஏத்திக்குவாரு."

"அப்ப வண்டி?"

அவள் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "நீ வேணும்னா பின்னாலயே ஓட்டிக்கிட்டு வா. நான் கேனைப் புடிச்சுக்கிட்டு உன்னயப் பாத்துக்கிட்டே வரேன். நிக்காம எக்ஸ்சேஞ்ச் வாசல் வரைக்கும் வந்தீன்னா, நாளன்னிக்கு ஏறிக்கிறேன்."

"காலி வண்டிய ஓட்டிக்கிட்டு, உன் பின்னாலயா? ஊர் சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும். நீ பெட்ரோல் வாடையோட திரிஞ்ச இத்தன நாளும் ஊர் சிரிக்காமயா இருந்துச்சு?"

அன்று வகுப்பில் அவன் அடித்த பக்கத்தில் ஒரு வரி முழுதும் ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது. மாஸ்டர் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தான்.

25-10-1983, செவ்வாய்.
நின்றதற்குக் காரணம் மூடியில் வைத்த சந்தனம் என்று நினைக்கிறேன். உறுதியாக எழுத இன்னும் தைரியம் இல்லை. அக்கா நேரத்துக்குப் போய்விட்டாள், என் வண்டியில் அல்ல.
நாளை: கிளம்பும் முன் மூடி ஓட்டையைக் குண்டூசியால் குத்திப் பார்க்க வேண்டும். பால் வண்டிக்குப் பின்னாலேயே, காலி வண்டியுடன், அரியலூர் எக்ஸ்சேஞ்ச் வாசல் வரை போக வேண்டும். பேரளியில் செல்லப்பன் அண்ணன் டீ குடிக்கக் கூப்பிட்டாலும் நிறுத்தக் கூடாது.