புதிய வரவுகளுக்குப் பின்னால்

பகாவ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியின் நூலகம் ஒரு காலத்தில் தோட்டத் துரையின் பங்களாவாக இருந்தது. பலகைத் தரை, பலகைச் சுவர், ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் செம்பனை மரங்கள். அதன் கடைசி அறைதான் தமிழ்ப் பகுதி. அதையும் பிடுங்கி கம்ப்யூட்டர் போட வேண்டும் என்று முதல்வர் ஒற்றைக் காலில் நின்றார். தமிழ்ப் புத்தகத்தை யார் தொடுகிறார்கள் என்று கேட்டார். நூலகர் லோகேஸ்வரியிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. ரோகினி.

இரண்டாம் ஆண்டு மாணவி ரோகினி தினமும் மதியம் வந்து, நாற்காலிகள் சும்மா கிடக்க, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை உருவிப் படிப்பாள். அவளுக்காகத்தான் லோகேஸ்வரி, மூடப்பட்ட ஒரு தோட்டத்தின் படிப்பகப் புத்தகங்களைக் கெஞ்சிக் கூத்தாடி லாரியில் வரவழைத்தாள். பின்சுவர் அலமாரியில் அடுக்கி, ‘புதிய வரவுகள்’ என்று அட்டை எழுதி மாட்டினாள். கல்யாண வீட்டில் சீர்த்தட்டு வைத்ததுபோல் பூரித்துப் போனாள்.

மழை பிடித்ததும், அலமாரிக்கு அடியில் பலகை இடுக்கு வழியாகச் செம்மண் ஏறியது. கரையான். ஒரு வாரம் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், கீழ்த்தட்டுக்குப் பின்னால் முழ உயரத்துக்குப் புற்றே எழும்பியிருந்தது. துப்புரவு வேலை செய்யும் ராக்கம்மா லோகேஸ்வரியை முந்திக்கொண்டு, அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு முட்டையும் வைத்துவிட்டாள்.

“புத்த ஒடைக்கக் கூடாது டீச்சர். அம்மா தானா வந்து ஒக்காந்துருக்கா,” என்றாள்.

லோகேஸ்வரிக்குச் சிரிப்புதான் வந்தது. பட்டம் வாங்கியவள் அல்லவா. ஆனாலும் மருந்தடிக்கும் ஆளுக்குப் போன் போடப் போன விரல் நின்றுவிட்டது. தோட்டத்தில் பிறந்த உடம்பு. புற்றில் கை வைத்த குடும்பங்களின் கதையைக் கேட்டே வளர்ந்தவள். அது போக, கரையான் என்று தெரிந்தால் முதல்வர் அன்றைக்கே அறையைக் காலி செய்துவிடுவார். இந்த வெள்ளி போகட்டும், அடுத்த வெள்ளி போகட்டும் என்று தள்ளிப்போட்டாள். புற்று தெரியாதபடி கீழ்த்தட்டுப் புத்தகங்களை முன்னுக்கு இழுத்து அடுக்கினாள்.

வெள்ளிதோறும் ராக்கம்மா முட்டை வைத்தாள். திங்கட்கிழமை அது இருக்காது. வீட்டுக்கு எடுத்துப் போகிறாள் போலும், ஒரு முட்டைதானே என்று லோகேஸ்வரி கேட்காமல் விட்டாள். அந்த அறையில் பல்லிச் சத்தமும் நின்றிருந்தது. புத்தகப் பெட்டியைக் குடைந்த எலிகளையும் காணவில்லை. நிம்மதி என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

இன்று மதியம் ராக்கம்மா முன்னறை மேசையைத் துடைத்தபடி அவளை மெச்சினாள்.

“வேற ஆளா இருந்தா முட்டைய தூக்கிக் குப்பையில போட்டுருப்பாங்க. நீங்க பக்குவமா எடுத்துக்கிறீங்களே, அதுக்கே மனசு வேணும் டீச்சர்.”

“நானா? நீங்கதானேக்கா எடுக்குறீங்க?”

“சாமிக்கு வச்சத நான் எப்படி டீச்சர் எடுப்பேன்?”

இருவரும் கடைசி அறையைப் பார்த்தார்கள். வாசலில் ரோகினியின் செருப்பு கிடந்தது.

ஓடினால் பலகை அதிரும். லோகேஸ்வரி அடிமேல் அடி வைத்துப் போனாள். ரோகினி வழக்கம்போல் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை தோள்வரை கீழ்த்தட்டுக்குள் போயிருந்தது.

“டீச்சர், ஒரு புக்கு பின்னால விழுந்துருச்சு,” என்றாள் திரும்பாமலே. “கைய விட்டா என்னமோ குளுகுளுன்னு இருக்கு. தண்ணி பைப்பா?”

அசையாதே என்று சொல்ல லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். அவள் முன்னுக்கு இழுத்து அடுக்கிய புத்தகங்கள், தட்டின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக, ரோகினியின் கையை நோக்கி அசைந்துகொண்டு வந்தன.