பதினோரு கவாத்துக்காரர்களும் ஒரு வரியும்

ஞானசிகாமணி அண்ணன் என் விஷயத்தில் போட்ட தப்புக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். டைப் அடிக்கிறவள் படிக்க மாட்டாள் என்று நினைத்துவிட்டார்.

அதற்காக அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. தேனி கடைவீதியில் நான் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமே அதுதான். எழுத்தைப் பார்த்து அடி, அர்த்தத்துக்குள் போகாதே, போனால் வேகம் போய்விடும். பதினாறு வருடமாகப் பத்திரமும் மனுவும் வக்கீல் நோட்டீசுமாக அடித்துத் தள்ளியிருக்கிறேன். யார் யார் மேல் என்ன வழக்குப் போட்டார்கள் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எண்பத்து நான்காம் வருடம், கார்த்திகை மாதம். ஞானசிகாமணி எனக்கு அண்ணன் முறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருவார். ஜவுளி வியாபாரத்தோடு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் வேலையையும் புதிதாகத் தொடங்கியிருந்தார். அரபு நாடு ஒன்றில் யாரோ பெரும் பணக்காரர் திராட்சைத் தோட்டம் போட்டிருக்கிறாராம். எந்த நாடாக இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது துபாய்தான். அங்கே கொடிகளைக் கவாத்து செய்ய, அதாவது பக்குவம் பார்த்து வெட்டிவிட, ஆள் வேண்டும். திராட்சைக் கவாத்து என்றால் கம்பம் பள்ளத்தாக்கை விட்டால் வேறு எங்கே போவார்கள்? சுருளிப்பட்டியிலிருந்து பதினோரு பேர் தேர்வாகியிருந்தார்கள்.

திங்கட்கிழமை இங்கிலீஷில் ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்து ஆளுக்கொரு பிரதி அடிக்கச் சொன்னார். அடித்து வைத்தேன். புதன்கிழமை இன்னொரு தாள் கொண்டுவந்து அதற்கும் பதினொன்று கேட்டார். அதையும் அடித்து முடித்தேன். இரண்டிலும் என்ன இருந்தது என்று அப்போது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் சுருளிவேல் வந்தான். அந்தப் பதினோரு பேருக்கும் அவன்தான் தலை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அப்பா பெயர், ஊர்ப் பெயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லி ஞானசிகாமணி அண்ணனே அனுப்பியிருந்தார். பெயர்களை வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றவன் போகாமல் நின்றான். கையெழுத்துப் போடப் போகிற தாளில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

முதல் தாளை எடுத்தேன். இரண்டு வருட வேலை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை விடுமுறை. வைத்தியம் முதலாளி பொறுப்பு. பாஸ்போர்ட் தொழிலாளியின் கையிலேயே இருக்கும். இரண்டு வருடம் முடிந்ததும் முதலாளி செலவில் டிக்கெட், ஊரில் இரண்டு மாத விடுப்பு. ஒவ்வொன்றுக்கும் சுருளிவேல் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறதாம், பெண் பிள்ளை.

இரண்டாவது தாளை எடுத்து முதல் வரியைச் சொன்னபோதே என் குரல் இறங்கிவிட்டது. ஐந்து வருடம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கும். அவர் அனுமதி இல்லாமல் ஊருக்குப் போக முடியாது. விடுமுறை வேலையைப் பொறுத்து. திரும்பி வரும் டிக்கெட் அவரவர் பாடு. அடியில் ஒரு வரி: முந்தைய ஒப்பந்தம் இதனால் ரத்தாகிறது.

சுருளிவேல் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ரெண்டு வருசம்னுதாங்க்கா சந்தனம் சம்மதிச்சா."

சந்தனம்மாள் அவன் மனைவி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் கழுத்தில் போடுகிற கயிற்றை என் பத்து விரலாலும் நானே முறுக்கிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஒரு பிழை இல்லாமல்.

அந்தக் கோபத்தோடேயே ஜவுளிக் கடைக்குப் போய் ஞானசிகாமணி அண்ணனைக் கேட்டேன். அவர் துணியை மடித்துக்கொண்டே சிரித்தார். முதல் தாள், வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி கொடுக்கும் மெட்ராஸ் ஆபீசில் முத்திரை வாங்குவதற்காம், புதுச் சட்டம் வந்ததிலிருந்து அங்கே துருவித் துருவிப் பார்க்கிறார்களாம். இரண்டாவது அந்த நாட்டுக்காம். வேறு நாடு, வேறு சட்டம், எல்லா ஏஜெண்டும் செய்வதுதான், உனக்கு எதற்கு இந்த ஊர்வம்பு என்றார். நான் கடைப் படியிறங்கி வந்துவிட்டேன். அவர் என்னை அடக்கிவிட்டதாக நினைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை சுருளிப்பட்டித் தோட்டத்தில் கையெழுத்து. அரபுத் தோட்டத்து மேனேஜர் சாக்கோ, கோட்டயத்துக்காரர், நேரில் வந்து வேலையைப் பார்த்து எடுப்பதாக ஏற்பாடு. நான் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டு, கையில் தூக்கிப் போகும் சின்ன டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் ஏறினேன். சின்னமனூர் வருவதற்குள் தொடை மரத்துப்போய்விட்டது.

பந்தலுக்கடியில் பதினோரு பேரும் கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். கொடியின் எந்த மொட்டுக் கண்ணில் வெட்ட வேண்டும் என்று யாரும் யோசிப்பதாகவே தெரியவில்லை. கத்தரி தானாகப் போய் நின்ற மாதிரி இருந்தது. சாக்கோ கொடிக்குக் கொடி அவர்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். சந்தோஷத்தில் ஞானசிகாமணி அண்ணனைத் தள்ளி அழைத்துப் போய் மலையாளத்தில் ரகசியம் பேசினார். ஜனவரி முடிவதற்குள் அங்கே கவாத்து நடந்தாக வேண்டும், தவறினால் ஒரு வருட விளைச்சல் போச்சு, முதலாளி தன்னையும் துரத்திவிடுவார், இவர்களை எப்படியாவது உடனே கையெழுத்துப் போடவை என்றார்.

கம்பத்துக்காரர்கள் முன்னால் மலையாளத்தில் ரகசியம் பேசுகிற மனிதரை என்னவென்று சொல்வது? குமுளி மலையேறி ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகாதவன் அந்தப் பதினோரு பேரில் ஒருவனும் இல்லை. எல்லார் காதிலும் விழுந்தது. ஒருவனும் காட்டிக்கொள்ளவில்லை.

ஞானசிகாமணி அண்ணன் என்னைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனாலும் சாக்கோ முன்னால் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கட்டுத் தாளையும் எடுத்து வைத்தார். சுருளிவேல் முன்னால் வந்தான். முதல் தாளுக்கு எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம், இரண்டாவது தாள் வேண்டாம் என்றான்.

"போடாதவன் போகலாம்டா. அம்பது பேரு வரிசையில நிக்கிறான்," என்றார் ஞானசிகாமணி அண்ணன்.

கவாத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் தனித்தனி ஆள் கிடையாது, செட்டு. எடுத்தால் செட்டோடு எடுக்க வேண்டும். ஒருவனைப் போகச் சொன்னால் எல்லாரும் போய்விடுவார்கள். சுருளிவேல் தன் கத்தரியைத் துடைத்துச் சாக்குப் பைக்குள் போட்டான். அடுத்தவன் போட்டான். பதினோரு கத்தரியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பையின் வாயைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு சுருளிவேல் சாக்கோவிடம் நல்ல மலையாளத்திலேயே சொன்னான்: ஜனவரி முடிவதற்குள் அந்த ஐம்பது பேரைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் சார்.

சாக்கோவின் முகத்தைப் பார்க்க அந்த பஸ் பயணம் தகும். வெற்றிலை போட்டவர் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்பது போல நின்றார். பதினோரு பேரும் வரப்பு ஏறிப் பாதிவழி போனபிறகுதான் வாய் திறந்தது. இரண்டாவது தாள் வேண்டாம், வாருங்கள் என்று கூப்பிட்டார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே வேண்டாமென்ற தாளை அங்கே இறங்கியதும் நீட்டினால் இவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்? திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் டைப்ரைட்டரை வைத்தேன். முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சாக்கோவிடம் சொன்னேன்.

"ஒனக்கு சட்டம் தெரியுமா கிருபா?" என்று சீறினார் ஞானசிகாமணி அண்ணன்.

"தெரியாதுண்ணே. ரெண்டாவது தாளோட கார்பன் காப்பி எங்கிட்ட இருக்கு. அதை மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்பினா அவுக சொல்லுவாக."

அவர் கைக்குட்டையை எடுத்தார். அதன்பிறகு அன்று முழுக்க அவர் வாயிலிருந்து சட்டம் என்ற சொல் வரவில்லை. பதினோரு பிரதியிலும் அந்த வரியை அடித்தேன். இந்த ஒப்பந்தத்துக்கு மாறாக, இங்கேயோ அங்கேயோ, முன்போ பின்போ, தொழிலாளியிடம் வாங்கப்படும் எந்தக் கையெழுத்தும் செல்லாது. அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தின் அர்த்தத்துக்குள்ளும் போனேன். வேகம் குறையத்தான் செய்தது, குறையட்டுமே. சாக்கோ ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஆளுக்கொரு பிரதி அவரவர் சட்டைக்குள் போனது. சுருளிவேலின் செட்டு ஒரு கூடை திராட்சையை என் தலையில் கட்டாத குறையாகக் கொடுத்தது. டைப்ரைட்டரையும் கூடையையும் சுமந்துகொண்டு நின்றபடியே தேனி வந்து சேர்ந்தேன். ராணி மாதிரி வந்தேன், பொய் சொல்லவில்லை.

அவர்கள் அங்கே போன ஒரு மாதத்தில் சுருளிவேலிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீசில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்களாம். பதினோரு பேரும் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்களாம். ஆபீஸ்காரர் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டாராம். அதன்பிறகு கேட்கவில்லை.

எண்பத்தேழாம் வருடம் பிறந்து பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது சுருளிவேல் குடும்பத்தோடு என் வாசலில் வந்து நின்றான். இரண்டு வருடம், சொன்னால் சொன்ன நாள். முதலாளி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் வந்திருந்தான். கறுத்திருந்தான், சதை போட்டிருந்தான். சந்தனம்மாள் இடுப்பில் அந்தப் பெண் குழந்தை. அப்பா கையை நீட்டினால் வீல் என்று கத்தி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. முந்தாநாளிலிருந்து இதே கதைதான் என்று சந்தனம்மாள் சங்கடப்பட்டாள்.

சுருளிவேலுக்குச் சங்கடமே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டு வருசங்கவும் அழுகையோட போச்சுக்கா. இதே அஞ்சு வருசமா இருந்தா, வாசல்ல நின்னு 'யாரு வேணும்'னு கேட்டிருப்பா."