வெளிக்கை படாத வண்டி

எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பட்டப்பெயர் உண்டு. தம்பி ஷோரூம், அண்ணன் ஸ்பேனர். ஷோரூம் என் அக்காவைக் கட்டியவர், எனக்கு மாமா. டைல்ஸ், சானிட்டரி கடை வைத்து நாலு பேர் மதிக்கிற நிலைக்கு வந்தவர். நாலு பேரும் ஒரே சமயத்தில் மதிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றவேண்டுமானாலும் கம்பெனிக் கடைக்குத்தான் போவார். குடைக்கம்பி வளைந்தால் அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா என்று விசாரிப்பார்.

அண்ணனுக்குச் சொந்தமாக மெக்கானிக் கடை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. 'அனைத்து வெளிநாட்டு உயர்ரகக் கார்களும் இங்கே பார்க்கப்படும்' என்று வாசலில் பலகை. அது பொய்யில்லை. அப்படிப்பட்ட கார் ஒன்று தெருவில் போனால் கடையில் இருக்கும் எல்லோரும் வெளியே வந்து பார்ப்பார்கள். மற்றபடி என் பழைய வண்டியைப் போன்றவைதான் அங்கே வந்து படுக்கும். இதனாலெல்லாம் ஸ்பேனரின் வாய் குறைந்துவிடவில்லை. "கம்பெனிக்காரன் மெக்கானிக் இல்லடா, கடைக்காரன். கழட்டுவான், மாட்டுவான், பில்லு போடுவான். கோளாறு என்னன்னு கேட்டா கம்ப்யூட்டரக் கேளும்பான்" என்பார். கேட்கிறவன் தலையாட்டும் வரை விடமாட்டார்.

இப்படிப்பட்ட இருவர் ஒரே வயிற்றில் பிறந்தது தாய் செய்த குற்றம் அல்ல.

மாமா அந்தக் காரை வாங்கிய அன்று குடும்பமே வாசலில் கூடி நின்றது. கறுப்பு நிறம், முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். ஸ்பேனர் தன் கடையிலிருந்து நேரே வந்திருந்தார். கந்தைத் துணியில் ஒருமுறை கையைத் துடைத்தார். போதாது என்று சட்டையில் இன்னொருமுறை துடைத்தார். பிறகு பானட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"அண்ணே, கை வைக்காதே" என்றார் மாமா. "வெளிக்கை பட்டா வாரண்டி போயிடும்."

"வெளிக்கையா?" ஸ்பேனர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்னத் தூக்கி வளத்த கைடா இது."

"அது வேற. இது கம்பெனி ரூல்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் அண்ணன் தம்பிச் சண்டையாக அன்றைக்கே முடிந்திருக்கும். ஸ்பேனர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. இந்த வண்டி பானட்டை என் கையால திறக்கிற அன்னிக்கு என் வாசலுக்கு வா. அதுவரைக்கும் உன் கம்பெனி வாசல்லயே கிட" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதோடு பேச்சு அறுந்தது. கல்யாண வீடுகளில் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவார். மாமாவின் தெருவைத் தவிர்க்க ஸ்பேனர் இரண்டு தெரு சுற்றிப் போவார். தம்பியின் காரை எங்காவது பார்த்துவிட்டு வந்தால் மட்டும் வீட்டில், "டயர் தேய்ஞ்சிருக்கு, அலைன்மென்ட் பாக்கல. கம்பெனியாம் கம்பெனி" என்று முனகுவாராம். அவர் மனைவி என் அக்காவிடம் சொல்லுவார், அக்கா மாமாவிடம் சொல்லுவாள், மாமா மறுநாளே கம்பெனிக்குப் போய் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வருவார். அந்தக் காரின் உண்மையான மெக்கானிக் யார் என்பது அந்த இரண்டு பெண்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பிறகு ஸ்பேனருக்கு வயிற்றில் வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். "ஆஸ்பத்திரியும் ஷோரூம்தாம்பா. ஏசில உக்கார வெச்சு, கம்ப்யூட்டர்ல மாட்டி, நல்லா இருக்கிற பார்ட்டையும் கழட்டிருவான்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாடி பிடித்துப் பொடி கொடுக்கிற ஒரு ஆளிடம் போனார். அவரும் வெளிக்கைதான். பொடி வெள்ளையாக இருந்தது, பிறகு மஞ்சளாக வந்தது, ஸ்பேனரும் மஞ்சளானார். கடைசியில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கம்பெனி சர்வீஸில் சொல்வதையே டாக்டரும் சொன்னார்: "முன்னாடியே கொண்டு வந்திருக்கணும்." வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை மாமாவுக்கு அவருடைய அண்ணி போன் செய்தார்.

"தம்பி, வாரண்டி போன மாசமே முடிஞ்சிருக்குமாமே. இப்பவாவது வண்டிய எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்கிறாரு."

மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "கணக்கு வெச்சிருக்கான் பாரு மச்சான்" என்றார்.

உடனே கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் காரில் ஒரு குறை இருந்தது. அந்த மாதிரிக் கார்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த பைகள், ஏர் சஸ்பென்ஷன் என்பார்கள். மாமாவின் காரில் ஒரு பை கசிய ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், முன்னங்காலை மடித்த மாடுபோல ஒரு பக்கம் தாழ்ந்து கிடக்கும்.

"இப்படியேவா கொண்டுபோறது?" என்றார் மாமா. "பானட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருவான். பாத்தியா உன் கம்பெனி சர்வீஸம்பான். போற வழியில கம்பெனில குடுத்துச் சரி பண்ணிட்டுப் போயிரலாம்."

"மாமா, அவரு சாகக் கிடக்கிறாரு. சொல்லிட்டுப் போகட்டுமே."

"அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ சும்மா வா."

மெக்கானிக் அண்ணன் கையில் கொடுப்பதற்காக, அவர் பார்க்க ஒரு குறையும் இல்லாதபடி காரை ரிப்பேர் செய்ய எடுத்துப் போனோம். இதிலுள்ள அறிவை நான் பின்னாலிருந்து என் பழைய வண்டியில் தொடர்ந்தேன்.

கம்பெனியில் வாசல் கதவு தானாகத் திறந்தது. உள்ளே பெரிய பணக்கார வீட்டில் யாரும் இல்லாத நேரத்து அமைதி. காபி மெஷின், தோல் சோபா, எதிரே ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப்பக்கம் நீலச் சட்டைக்காரர்கள் சத்தமில்லாமல் நடமாடினார்கள், தொட்டியில் மீன் போல. அங்கிருந்து கார் தெரியும், காருக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. டை கட்டிய சர்வீஸ் அட்வைசர் மாமாவை நலம் விசாரித்தான், பிறகு காரை நலம் விசாரித்தான். காரைத்தான் மனதார விசாரித்தான்.

"சின்ன வேலைதான் சார். ஒரு பத்து நிமிஷம்."

எத்தனையோ பத்து நிமிஷங்கள் போயின. மாமாவின் போன் அடித்தது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"தம்பி, கொஞ்சம் சீக்கிரம் வாங்க. வாசல் பக்கமே தலையத் திருப்பி வெச்சிருக்காரு."

"கிளம்பிட்டேன் அண்ணி. வழியிலதான் இருக்கேன்" என்றார் மாமா சோபாவிலிருந்து. கையில் பிஸ்கட் இருந்தது. அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"மாமா, என் வண்டி வெளியிலதான் நிக்குது. வாங்க போயிருவோம்."

"வெறுங்கையோட போயி?"

"மூஞ்சியக் காட்டுங்க, போதும்."

"அவன் என்ன கேட்டான்? என்னையா கேட்டான்?" மாமா கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார். "வண்டியத்தானே மச்சான் கேட்டான்."

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பானட்டைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த மனிதர் நம்பினார். பிழைப்பில் அவ்வளவு கெட்டிக்காரரிடம் அவ்வளவு குழந்தைத்தனத்தை நான் பார்த்ததில்லை.

அட்வைசர் வந்தான். "வண்டி ரெடி சார். இப்ப நல்லா ரெஸ்பாண்ட் பண்ணுது. வாஷ் மட்டும் போயிட்டிருக்கு."

"வாஷ் வேண்டாம். அவசரம்."

"ஃப்ரீ சார் அது. வாஷ் முடியாம சிஸ்டம் கேட் பாஸ் குடுக்காது."

கண்ணாடிக்கு அப்பால் காருக்கு நுரை பூசினார்கள். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் மெதுவாகத் துடைத்தார்கள். அதற்குள் அட்வைசர் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பலகைக் கம்ப்யூட்டரை மடியில் வைத்தான்.

"சார், நம்ம வாரண்டி முடிஞ்சிருச்சு. நீட்டிக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். வெளிக்கை படாத வண்டிக்கு மட்டும்தான் சார் இந்த ஆஃபர். ஹிஸ்டரி எடுத்துப் பாத்தோம். உங்க வண்டியில ஒரு வெளிக்கைகூட இல்ல சார். ரொம்ப அபூர்வம்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தாம் வகுப்பில் ஒழுக்கத்துக்குப் பரிசு வாங்கியவர், அதே முதுகு. விரலால் அந்தப் பலகைத் திரையில் கையெழுத்துப் போட்டார்.

"மாமா, நாம எதுக்குப் போறோம்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. அவன் சும்மாத் திறந்து பார்க்கப்போறான். கம்பெனிக்கு எப்படித் தெரியும்?"

"பானட் திறந்தா சிஸ்டத்துல பதிவாகிரும் சார்" என்றான் அட்வைசர் அன்போடு.

மாமா தன் கையெழுத்தைப் பார்த்தார். அது ஏற்கனவே எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டது. திரையில் 'நன்றி' என்று வந்திருந்தது.

என் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மாமாவோடு ஏறினேன். கார் உண்மையிலேயே நன்றாகத்தான் போனது. ரோட்டில் பள்ளம் இருப்பதே தெரியவில்லை. பாதி வழியில் முன்திரையில் 'அண்ணி' என்று எழுத்து வந்தது. மாமா பொத்தானை அழுத்தினார்.

"போயிட்டாரு தம்பி."

அந்தக் காரின் பாட்டுப்பெட்டியைப் பற்றி மாமா பலமுறை பெருமைப்பட்டிருக்கிறார். பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்குமாம். அன்றைக்கு அண்ணி மூச்சு வாங்கியது கேட்டது. நான்கு கதவிலிருந்தும், தலைக்குப் பின்னாலிருந்தும், இருக்கைக்கு அடியிலிருந்தும் அழுகை வந்தது. மாமா குறைக்கிற இடம் தெரியாமல் திரையைத் தடவிக்கொண்டேயிருந்தார். குளிர்காற்று அதிகமானது, கண்ணாடித் துடைப்பான் ஓடியது, சத்தம் மட்டும் குறையவில்லை.

ஸ்பேனரின் வீடு குறுகலான சந்தில், கடைசியில். மாமா வீட்டு வாசலை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார். கடை ஆட்கள் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து வந்து காரைப் பார்க்கவில்லை. அந்தக் கடையின் வரலாற்றில் அது முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. யாரோ தேம்புகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கார். முன்பக்கம் இறங்கியது, பின்பக்கமும் இறங்கியது. சக்கரங்கள் உள்ளே புதைய, வயிறு தரையில் பட, சந்தின் வழியை அடைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தது. ரிப்பேருக்கு முன்னாலாவது ஒரு காலைத்தான் மடிக்கும்.

சவ வண்டி வந்து காருக்குப் பின்னால் நின்றது. அதற்குமேல் வர வழியில்லை. மாமா கம்பெனிக்குப் போன் செய்தார். தூக்கிப்போக லாரி அனுப்புவதாகவும் அதுவரை வெளியாட்கள் யாரும் தொடவேண்டாம் என்றும் ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

கடையின் மூத்த மெக்கானிக் எழுந்து வந்தார். ஸ்பேனரோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர். காரைச் சுற்றி வந்தார். "இந்த மாதிரி வண்டி நாங்க பார்த்ததில்ல" என்றார். ஸ்பேனர் உயிரோடிருந்தால் இந்த வாக்கியத்துக்கு அவரை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார். "ஆனா காத்துதானே? பானட்டைத் திறந்து குழாயைப் புடிச்சிட்டா கம்ப்ரசர்ல அடிச்சுத் தூக்கிப் பாக்கலாம். ஆவுமா தெரியாது. தள்ளுற அளவுக்காவது வரும்." கந்தைத் துணியில் கையைத் துடைத்துவிட்டு பானட்டை நோக்கி நீட்டினார்.

"கை வைக்காதீங்க!"

வாசற்படியிலிருந்து மாமா கத்தினார். "வாரண்..." என்றார். மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

வீட்டுக்குள் அழுகை நின்றது. மூத்த மெக்கானிக் கையை எடுத்துக்கொண்டார். மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவர் செருப்பைப் பார்த்தேன். விலையுயர்ந்த செருப்பு.

அண்ணி எழுந்து வெளியே வந்தார். காரைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"விடுங்கப்பா. அஞ்சு வருஷமா சுத்திப் போன மனுசன். இன்னிக்கும் சுத்தியே போகட்டும்."

காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான் இருந்தது. ஸ்பேனரைச் சாய்த்துப் பிடித்து அதன் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். தூக்கியவர்கள் எல்லோரும் கடை ஆட்கள். காரில் உரசாமல் இருப்பதற்காகச் சுவரில் உரசிக்கொண்டு போனார்கள். முழங்கையிலும் தோளிலும் சுண்ணாம்பும் ரத்தமும். மாமா, "பரவால்ல, உரசட்டும், உரசட்டும்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. கறுப்பு பளபளப்பில் ஒரு கீறலும் விழவில்லை.

எல்லாம் முடிந்து நாங்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. லாரி வரவில்லை. கார் அப்படியே கிடந்தது. மாமா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"பானட்டு எதுல திறக்கிறது மச்சான்?"

"தெரியலயே மாமா. உங்க வண்டி."

"நான் என்னிக்குத் திறந்தேன்" என்றார். பிறகு எதையோ பிடித்து அழுத்தினார். பின்பக்கம் மெல்லிய மணியோசை கேட்டது. டிக்கி தானாக, அவசரமில்லாமல், மேலே எழுந்தது. உள்ளே ரிப்பன் கட்டிய ஒரு பெட்டி. வாரண்டியை நீட்டித்ததற்குக் கம்பெனியின் அன்பளிப்பு.

"திறந்துச்சா?" என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார் மாமா.

கடை வாசலில் அந்த மூத்த மெக்கானிக் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.