இடக்கை பிராக்கெட்

தேவமலருக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் சொல்லிக் கொடுத்தது பவானேஸ்வரி. இதை முதல்லேயே சொல்லிடணும். மூணாவது மனுஷி யாராவது அப்படிச் செஞ்சிருந்தா, 'நாசமாப் போ'ன்னு ரெண்டு நாள் திட்டிட்டு தேவமலர் விட்டிருப்பா. செஞ்சது பவானி. அதுதான் இன்னிக்கு வரைக்கும் வயிறு எரியுது.

ரெண்டு பேருக்கும் ஆயர் குரோவுல ஒரே பேக்டரி, ஒரே ஷிப்டு. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இரும்புத் தகட்டில பிராக்கெட் செய்யற இடம். பிராக்கெட்னா பெருசா ஒண்ணுமில்ல, ஒரு சாமானை இன்னொண்ணோட சேர்த்துப் பிடிச்சு நிறுத்தற வளைஞ்ச இரும்புத் துண்டு, அவ்வளவுதான். தேவமலர் பிரெஸ் மிஷின்ல நின்னு அதை அடிப்பா. பவானி கியூசியில உட்கார்ந்து, அடிச்சது வரைபடத்தில இருக்கிற மாதிரியே வந்திருக்கான்னு அளந்து பார்ப்பா. வேலைக்குப் போறதும் வர்றதும் பவானியோட மைவி கார்ல. ரெஸ்ட் நேரத்தில ஒரே டப்பாவுல சோறு. கேண்டீன்ல ஒருத்தி தனியா வந்து நின்னா, "எங்கே உன் ஜோடி?"ன்னு மலாய்க்காரப் பிள்ளைங்ககூட கேக்கும்.

ஷிப்டு வேலைன்னா தெரியுமில்ல, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. தேவமலர் புருஷன் லாரி ஓட்டறவரு. இன்னிக்கு ஜொகூர்ல இருப்பாரு, நாளைக்கு ஈப்போவுல இருப்பாரு. ராத்திரி ஷிப்டு வாரத்தில மகளைப் பக்கத்து வீட்டு நூர் பீவி அக்காகிட்ட விட்டுட்டுப் போவா. ஒரு தடவை பிள்ளைக்குக் காய்ச்சல். லீவு போட்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கா பெத்தவ. அந்தப் பிள்ளை அரைத் தூக்கத்தில கையை நீட்டி, "பீவிம்மா, தண்ணி"ன்னு கேட்டுச்சு. தேவமலர் தண்ணியைக் குடுத்தா. குடுத்துட்டுக் குசினியில அடுப்பு முன்னால போய் நின்னு அழுதா. எப்படியாவது பகல் வேலைக்கு மாறிடணும்னு அன்னிக்கு முடிவு பண்ணினவதான்.

அந்த நேரம் பார்த்து டிராயிங் ஆபீஸ்ல ஒரு இடம் காலியாச்சு. காலையில எட்டு மணிக்குப் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்திடலாம். கீழே மிஷின்ல நிக்கிறவங்களும் முயற்சி பண்ணலாம்னு அறிவிச்சாங்க. வரைபடம் ஒண்ணு தருவாங்க. அதைப் பார்த்து கம்ப்யூட்டர்ல பிராக்கெட்டை முழு உருவமா எழுப்பிக் காட்டணும்.

"எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியும், அவ்வளவுதான்டி"ன்னா தேவமலர்.

"நான் பொலிடெக்னிக்ல படிச்சது பின்ன எதுக்கு? வா லா, சொல்லித் தரேன்"ன்னா பவானி.

"நீயே போகலாமே?"

"எனக்கு எதுக்கு அந்த ஏசி ரூமு? வீட்டில புருஷனா, பிள்ளையா? நீ போ."

அம்மா செத்ததுக்கு அப்புறம் அந்த வீட்டில பவானி ஒண்டிக்கட்டை. ஞாயித்துக்கிழமை மத்தியானமானா அவ வீட்டுச் சாப்பாட்டு மேசையில லேப்டாப்பைத் திறந்து வச்சு ரெண்டு பேரும் உட்காருவாங்க. பொய் சொல்லக் கூடாது, பவானி அருமையாச் சொல்லிக் குடுத்தா. முதல் நாள் தேவமலர் ஒரு கோடு போட்டா. அதைப் பிடிச்சு இழுத்ததும் பெட்டி மொத்தமும் கோணிக்கிட்டுப் போச்சு.

"அளவு குடுக்காத கோடு, அவுத்து விட்ட ஆடு மாதிரி. ஒவ்வொரு கோட்டுக்கும் அளவு குடுத்துக் கட்டிப் போடு"ன்னா பவானி. "தட்டையா ஒரு படம் போட்டாச்சா? இப்ப அதை இழுத்துக் கனம் குடு. ம், அப்படித்தான். இனி ஓட்டையைப் போடு. கூர் மூலையை மழுங்க வை."

ஓட்டை பிராக்கெட்டுல விழாம வெட்டவெளியில விழுந்துச்சு. மூலையை மழுங்க வைக்கப் போனா பாதி பிராக்கெட்டே காணாமப் போச்சு. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. நாலஞ்சு ஞாயிறு போனப்புறம் ஒருநாள், ஒழுங்கான ஒரு பிராக்கெட் திரையில எழும்பி நின்னுச்சு. மௌஸைத் திருப்பினா அதுவும் திரும்புது. கீழே பார்க்கலாம், பின்னாடி பார்க்கலாம். இத்தனை வருஷமா காது அடைக்க அடைக்க அடிச்ச சாமான், சத்தமே இல்லாம அவ கையில சுத்துது.

"அடியே, இது நான் செஞ்சதுடி!"ன்னு கத்தினா தேவமலர். பவானி கையைத் தட்டிட்டு மைலோ கலக்கப் போனா.

அப்பத்தான் தேவமலர் அதைக் கேட்டா. வரைபடத்து மூலையில சின்னதா ஒரு குறி: வட்டத்துக்குள்ள ஒரு வட்டம், பக்கத்தில முனை வெட்டின கூம்பு. "பவானி, இது என்னா?"

பவானி மைலோவைக் கலக்கிக்கிட்டே இருந்தா. திரும்பிக்கூடப் பார்க்கல. "அதுவா? சும்மா அச்சடிச்சிருப்பாங்க. எல்லாப் படத்திலேயும் இருக்கும். நீ ஸ்கூல்ல படிச்ச மாதிரியே பாரு, போதும்."

தேவமலர் பள்ளிக்கூடத்தில படிச்சது ஒரே முறைதான். மேலேருந்து பார்த்த படத்தைக் கீழே போடணும், இடப்பக்கம் பார்த்ததை வலப்பக்கம் போடணும்னு அவங்க வாத்தியார் போட்டுத் தேய்ச்சிருந்தார். அதே கணக்கில படிச்சா. அதுக்கப்புறம் பவானி பழகக் குடுத்த பிராக்கெட் எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால, எந்தக் கணக்கில படிச்சாலும் சரியாத்தான் வந்துச்சு. பாவி மக, தேடித் தேடித்தான் எடுத்திருக்கா.

டெஸ்ட் அன்னிக்கு டிராயிங் ஆபீஸ் பெரியவரு சுகுமாரன் புதுசா ஒரு வரைபடத்தைக் குடுத்தாரு. அதிலேயும் அந்தக் குறி இருந்துச்சு. தேவமலர் அதைக் கண்டுக்கவே இல்ல. மடமடன்னு கோடு போட்டா. அளவெல்லாம் கட்டினா, கனம் ஏத்தினா, ஒரு பக்கமா மடக்கினா, ஓட்டை போட்டா. மத்தவங்க பாதியில நிக்கறப்போ இவ முடிச்சிட்டு, இனி தினமும் ராத்திரி மகளைப் பக்கத்தில படுக்க வச்சுக்கிறதைப் பத்தி நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

சுகுமாரன் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. மேசை டிராயரைத் திறந்து நிஜப் பிராக்கெட் ஒண்ணை எடுத்துப் பக்கத்தில பிடிச்சாரு. இரும்புல மடிப்பு அந்தப் பக்கம். திரையில இந்தப் பக்கம். கண்ணாடியில பார்க்கிற மாதிரி எல்லாமே மாறிக் கிடந்துச்சு.

"வேலை ரொம்பச் சுத்தம் தங்கச்சி. ஆனா நீ செஞ்சிருக்கிறது இடக்கை பிராக்கெட். படத்தில இருக்கிறது வலக்கை. வண்டியில மாட்டாது."

"ஸ்கூல்ல அப்படித்தான் அண்ணே..."

"ஸ்கூல் முறை வேற. இந்தக் குறி இருந்தா மேலேருந்து பார்த்தது மேலேயே இருக்கும், வலப்பக்கம் பார்த்தது வலப்பக்கமே இருக்கும். நம்மகிட்ட வர்ற ஜப்பான்காரன் படமெல்லாம் இப்படித்தான்." அவருக்கும் மனசு கேக்கல. "கியூசியில ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? தினமும் இதைப் பார்த்துத்தானே அளக்கறாங்க. பவானி உன் கூட்டாளிதானே?"

தினமும் அளக்கிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்னு தேவமலருக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. அந்த நேரத்திலேயும் அவ வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "கேக்க மறந்துட்டேன் அண்ணே." பவானியை விட்டுக் குடுக்கல. இப்படியும் ஒரு பைத்தியக்காரி!

அந்த வேலை ஸ்டோர்ல இருந்த ஒரு மலாய்ப் பொண்ணுக்குக் கிடைச்சுச்சு.

பகல் ஷிப்டு முடிஞ்சு வெளியே வந்தா, பவானி கார்ல ஏசி போட்டு உட்கார்ந்திருக்கா. "என்னாச்சு லா? மூஞ்சியே சரியில்ல. கிடைச்சிருந்தா உம்பாய் கடலோரக் கடைக்குப் போய் மீன் சாப்பிடலாம்னு இருந்தேன். பரவாயில்ல, கிடைக்கலைன்னாலும் போவோம்."

தேவமலர் கதவைச் சாத்தினா. பெல்ட் போடல.

"அந்தக் குறி என்னான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பவானி ஸ்டீரிங்கைப் பார்த்தா. எதிர்ல நிக்கிற பேக்டரி பஸ்ஸைப் பார்த்தா. பொய் சொல்லியிருந்தாக்கூட தேவமலர் நம்பியிருப்பா. நம்பணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சு.

"தெரியும்"ன்னா பவானி.

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல? உனக்கு அந்த வேலை வேணும்னா கேட்டிருக்கலாமே, நான் போயிருக்கவே மாட்டேனே!"

"எனக்கு வேலை வேணாம்டி." பவானிக்கு அழுகை வந்திடுச்சு. "நல்லாத்தான் சொல்லிக் குடுக்கணும்னு ஆரம்பிச்சேன். அன்னிக்கு நீ போட்ட பிராக்கெட் அப்படி ஜோரா வந்துச்சா, இவ போயிடுவான்னு பயந்துட்டேன். நீ மேல போயிட்டா இந்தக் கார்ல யாரு வருவா? வீட்டிலேயும் யாரும் இல்ல, இங்கேயும் யாரும் இல்லன்னா நான் என்னா பண்ணுவேன்? கொஞ்ச நாள் போகட்டும், அடுத்த இடம் வரட்டும். அப்ப நானே எல்லாத்தையும் சரியாச் சொல்லித் தரேன். சத்தியமா."

பொறாமைன்னு சொல்லியிருந்தா பளார்னு ஒண்ணு விட்டிருக்கலாம். பாசமாம்! இந்தப் பாசத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டறது? அழற மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க தேவமலருக்கு அருவருப்பா இருந்துச்சு. தன்மேலேயும்தான்.

போனை எடுத்து சூப்பர்வைசர் தனபாலனைக் கூப்பிட்டா. ஸ்பீக்கர்லேயே பேசினா.

"அண்ணே, என்னை எதிர் ஷிப்டுக்கு மாத்திவிடுங்க. ஆமா, நாளைக்கே. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல."

எதிர் ஷிப்டுன்னா இவ உள்ளே போறப்போ அவ வெளியே வருவா. நின்னு ஒரு வார்த்தை பேசக்கூட முடியாது. பவானி அவ கையைப் பிடிச்சா.

"மலரு, அப்படிப் பண்ணாதடி. ரெஸ்டுக்கு நான் யாரோட போறது?"

தேவமலர் கையை உருவிக்கிட்டு இறங்கினா. "இப்ப மாறினதால இந்த வாரமும் எனக்கு ராத்திரி ஷிப்டுதான். என் பிள்ளை யாரோட தூங்கும்னு நீ கேட்டியா?"

வெயில்ல நடந்து போய் பேக்டரி பஸ்ல ஏறினா. ஜன்னலோரத்து சீட்டு காலியா இருந்தும், பவானி கார் கண்ணில படாத மாதிரி உள் பக்கமாப் பார்த்து உட்கார்ந்தா.